குடிமை பயிலும் கூடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. தச்சுத் தொழிலைப் பற்றி ஏடுகள் பல கற்றவனும், உளியைக் கையிற்பிடித்து மரத்தைச் செதுக்காதவரையில் தச்சனாகான். குடியாட்சிக் கல்வியும் அத்தகையதே. மக்களவையின் உறுப்பினர் எத்துணைப் பேர், அமைச்சரவை எங்ஙனம் அமைகின்றது என்பனவற்றை நெட்டுருச் செய்து ஒப்பிக்கும் மாணவன் தேர்வில் வெற்றி பெறலாம். ஆயினும், பிறர் கருத்தைப் பொறுமையுடன் கேட்டல், தன் கருத்தைச் சான்றுடன் எடுத்துரைத்தல், பெரும்பான்மையோர் முடிவுக்கு இணங்குதல் ஆகிய மூன்றும் அவனிடத்து இல்லையேல், அவன் கற்ற கல்வி நாட்டுக்குப் பயன்படாது. இப்பண்புகள் செய்து பழகினாலன்றி வாரா. ஆதலின், ஆட்சிமுறையை வகுப்பறையிலேயே செயல்வழியாகப் பயிலுதல் வேண்டும். அதற்குரிய பயிற்சிகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

முதற்பயிற்சி வாக்காளர் பட்டியல் எழுதுவது. மாணவர் சிறுசிறு குழுவினராகப் பிரிந்து, தம் பள்ளியின் வகுப்புத்தோறும் சென்று, மாணவர் பெயர்களைக் கேட்டு வரிசைப்படுத்தி எழுதுவர். எழுதிய பட்டியலைச் சுவரில் ஒட்டி, பிழை கூறுவோர்க்கு மூன்று நாள் தவணை அளிப்பர். விடுபட்ட பெயரைச் சேர்ப்பதும், இருமுறை வந்த பெயரை நீக்குவதும் அவர்தம் கடமை. இஃது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால், குடியாட்சி இதன்மேல் நிற்கின்றது. 1951–52-ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றபோது வாக்காளர் ஏறத்தாழ 17 கோடியர். பட்டியல் எழுதச் சென்றோரிடம் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற நாணி, இன்னாரின் மனைவி என்றும் இன்னாரின் தாய் என்றுமே கூறினர். அங்ஙனம் பெயர் கூறாத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் வடமாநிலத்தவர். சட்டம் அவர்க்கு வாக்குரிமை வழங்கியிருந்தும், பட்டியலிற் பெயர் இன்மையால் அத்தேர்தலில் அவ்வுரிமை பயன்படாதொழிந்தது. தன் தோழியின் பெயர் விடுபட்டதனைக் கண்டு அதனைச் சேர்த்து எழுதும் மாணவி, இச்செய்தியின் பொருளை நன்குணர்வாள்.

இரண்டாம் பயிற்சி குடவோலை முறையை நடித்துக் காண்பது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அவ்வோலையைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடாதிருத்தற்பொருட்டு அவ்விதி அமைந்தது என்பது வெளிப்படை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்பது மற்றொரு விதி.

மாணவர் ஒரு மண்குடத்தையும் ஓலை நறுக்குகளையும் கொண்டு இதனை நடித்துக் காணின், முன்னோரின் நுட்பம் விளங்கும். அதனோடு அமையாது, அம்முறையின் குறையையும் அவர் ஆராய்தல் வேண்டும். 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியன அன்று வேண்டப்பட்ட தகுதிகள். அது பிராமணர்க்குரிய ஊரின் சபை. அவ்விதிகளை வகுப்பில் உள்ளோர்க்குப் பொருத்திப் பார்ப்பின், தம் குடும்பத்தார் பெயர் குடத்தில் இடம்பெறாது என்பதனைப் பலர் காண்பர். அதன்பின், 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் சாதி, சமயம், செல்வம், கல்வி, பால் ஆகிய வேறுபாடு கருதாது, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியமையின் அருமையை அவர்க்கு விளக்க வேண்டுவதில்லை, அவரே உணர்வர்.

மூன்றாம் பயிற்சி மறைவாக்குத் தேர்தல். வகுப்புத் தலைவர் பதவிக்கு நிற்போர் தாம் செய்யவிருப்பனவற்றை எழுதி வெளியிடுவர். ஒரு மூலையில் திரைகட்டி, அதன்பின் ஒவ்வொருவரும் தனித்துச் சென்று வாக்களிப்பர். விரலில் மையிடுதலும் உண்டு. ஒருவர் இருமுறை வாக்களியாமல் தடுப்பதே அதன் நோக்கம். நாட்டின் தேர்தல்களுக்கு 1962-ஆம் ஆண்டு முதல் மைசூரிலுள்ள அரசு நிறுவனம் ஒன்று அழியா மையைச் செய்து தருகின்றது. வாக்குகளை எண்ணும்போது போட்டியிட்டோரின் முகவர்கள் உடனிருப்பர். இரண்டு வாக்கில் தோற்றவன் ஒருவன் எழுந்து வென்றவனை வாழ்த்தும் அக்காட்சியே இப்பயிற்சியின் முடி. தோல்வியை ஏற்கும் மனம் இல்லாத இடத்தில் தேர்தல் நிலைபெறாது.

நான்காவது, மாதிரிப் பாராளுமன்றம். 1962-ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரையை ஏற்று, 1966-ஆம் ஆண்டளவில் தில்லிப் பள்ளிகளில் இளைஞர் பாராளுமன்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. மாணவருள் ஒருவர் சபாநாயகராவார். ஒருசாரார் ஆளுங்கட்சியினராகவும் மற்றொருசாரார் எதிர்க்கட்சியினராகவும் அமர்வர். கேள்வி நேரமும், மசோதாவின் மீது விவாதமும், வாக்கெடுப்பும் முறைப்படி நிகழும்.

சான்றாக, ஒரு வகுப்பினிடம் ஆயிரம் ரூபாய் உள்ளது எனக் கொள்வோம். நூலகத்துக்கு 800, பந்து வாங்க 600, குடிநீர்ப் பானைகளுக்கு 500, தோட்டத்துக்கு 400 எனக் கோரிக்கைகள் எழுகின்றன. மொத்தம் 2,300 ரூபாய். எதனைக் குறைப்பது, எதனைத் தள்ளுவது? நிதியமைச்சராக இருப்பவன் விழிப்பான், எதிர்க்கட்சியினர் வினவுவர், இறுதியில் ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுத்தே முடிவு காண்பர். வரவுசெலவுத் திட்டம் என்பது யாது என்பதனை நூலில் நூறு வரி கற்பதினும் இஃது ஆழப் பதியும். மறுமுறை கட்சிகள் இடம் மாறி அமர்தல் வேண்டும். நேற்று எதிர்த்ததனை இன்று ஆதரித்துப் பேச நேரின், மாற்றார் கூற்றிலும் நியாயம் உண்டு என்னும் தெளிவு பிறக்கும்.

இப்பயிற்சிகள் வெறுங்கூத்தாகப் போதலும் உண்டு. ஆசிரியர் எழுதிக்கொடுத்த வசனத்தை மாணவர் ஒப்பிப்பின், அது நாடகமேயன்றிப் பயிற்சியன்று. மாணவர் மன்றம் எடுக்கும் முடிவுகளுள் சிலவேனும் மெய்யாகவே நிறைவேறுதல் வேண்டும். விளையாட்டு நேரத்தை வகுப்பினர்க்குப் பகிர்ந்தளித்தல், நூலகத்துக்குரிய நூல்களைத் தெரிந்தெடுத்தல் போன்றவற்றை அவர்பால் விட்டுவிடலாம். அவர் முடிவு தவறாயின், அதன் விளைவையும் அவரே கண்டு திருத்திக்கொள்வர். பொறுப்பு இல்லாத உரிமை விளையாட்டுப் பொருளாகிவிடும்.

வகுப்பிற் பயின்றதனை ஊரிலும் காணுதல் நன்று. கிராமசபை கூடும் நாளில் மாணவர் ஒருபுறம் அமர்ந்து, வரவு செலவு எங்ஙனம் படிக்கப்படுகின்றது, யார் வினவுகின்றனர், யார் வாளா இருக்கின்றனர் என்பனவற்றைக் குறித்து வரலாம்.

முன்பு 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயது, 1989-ஆம் ஆண்டு முதல் 18 ஆயிற்று. இன்று ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் நான்கைந்து ஆண்டுகளில் வாக்குச்சாவடி வாயிலில் நிற்பான். அன்று அவனருகில் ஆசிரியரும் இரார், பெற்றோரும் இரார். எவர் காட்டிய பணத்துக்கும் எவர் சொல்லிய அச்சத்துக்கும் அசையாது, தானே எண்ணித் துணிய வேண்டும். அத்தனிமைக்கு அவனை ஆயத்தம் செய்யும் இடம் பள்ளியே.