காசில் மறைந்த எழுத்து

கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர் விமானத்தை நோக்கி வியப்பர். சோழர் வெளியிட்ட காசுகளை நினைப்பார் சிலரே. அவற்றுட் பெருவரவினது முதலாம் இராஜராஜனது செப்புக்காசு. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதன் கையருகே நாகரியில் அரசன் பெயரும் அதிற் காணலாம். அப்பெயரில் ஓரெழுத்து இல்லையாயின், வேறொரு மன்னன் காசெனத் துணிந்துவிடலாமோ? கூடாது.

காசில் மேலெழுந்து தோன்றும் எழுத்து, அச்சிற் குழியாக வெட்டப்பட்டிருக்கும். மசகும் தூசியும் உலோகத் துகளும் அக்குழியில் திரண்டு இறுகினால், அடிக்கும்போது வில்லையின் உலோகம் உட்புகாது. எழுத்து மங்கும், அன்றி அறவே தோன்றாது. அச்சின் மட்டமான பரப்பில் நூலோ கம்பித் துணுக்கோ கிடப்பின் விளைவு வேறு: அதன் வடிவம் காசிற் பள்ளமாகப் பதியும். குழியில் இறுகிய அழுக்கு எழுத்தின் வடிவோடு பெயர்ந்து வீழ்ந்து, பின்வரும் வில்லையில் ஒவ்வாத இடத்தில் அழுந்துதலும் உண்டு. இது மிக அரிது.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒரு சென்ட் காசுகள் டென்வர் நாணயசாலையில் மட்டுமே அடிக்கப்பட்டன. அச்சுத் தேய்வாலும் அடைப்பாலும் அச்சாலைக்குரிய 'டி' என்னும் எழுத்து சிலவற்றில் மறைந்துபோயிற்று. குறியின்மை பிலடெல்பியாவுக்கு உரியதாதலின், கணக்கேட்டைப் பாராதவன் அங்கு அடித்ததென்றே கொள்வான். நம் நாட்டிலும் இம்மயக்கத்திற்கு இடமுண்டு. 1988-இல் தொடங்கிய நொய்டா நாணயசாலையின் குறி, ஆண்டின்கீழ் ஒரு புள்ளி. கொல்கத்தாவுக்கோ குறியே இல்லை. புள்ளிக்குழி அடைபட்டால் நொய்டாக் காசு கொல்கத்தாக் காசாக வேடம் பூணும்!

அடைப்பைத் தேய்வினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? கைபட்டுத் தேய்ந்த காசில் உயர்ந்த பகுதிகள் யாவும் ஒருங்கே மழுங்கும். அடைப்பாயின், அயலெழுத்துக்கள் கூர்மையாக நிற்க, ஒன்று மட்டும் குன்றும். அவ்விடத்துப் பரப்பும் குலையாதிருக்கும். விலையேற்றுவான் வேண்டிச் சுரண்டிய இடத்திலோ கீறல்கள் உருப்பெருக்கியிற் புலப்படும்.

நிற்க. சோழர் காசு கையால் அடிக்கப்பட்டது. வில்லை சிறிதாயின் எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும். அடி ஒருபுறம் தளரின் அப்புறம் மங்கும். எனவே ஒரே அச்சிற் பிறந்த பல காசுகளை ஒப்புநோக்கியே முடிவு செய்தல் வேண்டும். பழங்காசு கிடைத்தவுடன் புளியிட்டுத் துலக்குவது நம்மவர் வழக்கம். பளபளப்பு வரும், எழுத்தின் விளிம்பும் பரப்பின் சான்றும் அதனோடு போய்விடும்.