தானம் என்னும் ஒரு சொல்

பொருள்களைக் காட்சிப்பொருள் என்றும் கருத்துப்பொருள் என்றும் இருவகையாகப் பகுப்பது தமிழ் மரபு. கல், மரம், திருவோடு ஆகியவை கண்ணுக்குப் புலனாவன. தானம், சீலம், அன்பு, குலம் ஆகியவை கருத்தளவில் நிற்பன. இவற்றைக் கையால் தொட இயலாது. ஆயினும் மனித வாழ்வைப் பெரிதும் ஆள்பவை இவையே. ஆகவே, இவற்றுள் மெய்யானது எது, வெறும் பெயரளவில் நிற்பது எது என்று பகுத்தறிவது தம்மவழி நிற்போரின் கடமையாகும். அதற்குரிய அளவுகோல் யாது?

கொல்கத்தா நகரில் நிகழ்ந்த ஒரு செய்தி இதற்கு விளக்கம் தருகிறது. அந்நகரத்து நாணயசாலையில் உலோகங்களின் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாயிருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். அவர் ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் விளங்கினார். பிராமி எழுத்துகளைப் படிப்பார் எவரும் அக்காலத்தில் இல்லை. 1837ஆம் ஆண்டில், சாஞ்சித் தூபத்தின் கல்வேலியிலிருந்த சிறுசிறு கல்வெட்டுகளின் படிகளை எட்வர்டு ஸ்மித் என்னும் படைத்தலைவர் அவருக்கு அனுப்பினார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஈரெழுத்துச் சொல்லால் முடிவதைப் பிரின்செப் கண்டார். வழிபாட்டிடத்தில் தூண்தோறும் பொறிக்கப்படுவது கொடுத்தவர் பெயராகத்தான் இருக்கவேண்டும் என எண்ணினார். எனவே, இறுதிச் சொல் 'தானம்' என்று உணர்ந்தார். அச்சொல்லே திறவுகோலாயிற்று. பின்னர்த் தில்லித் தூணின் சாசனம் படிக்கப்பட்டது. இலங்கையிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாளி நூல்களின் துணைகொண்டு, அச்சாசனத்தின் பியதசி மன்னர் அசோகரே என்று காட்டினார்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. நூற்றாண்டுகள் பல ஊமையாய்க் கிடந்த எழுத்து, ஒரு கருத்துப்பொருளின் பெயரால் வாய் திறந்தது. அப்பெயரின் மேலே தூண் ஒன்று நின்றமையால் அன்றோ அதன் பொருள் விளங்கிற்று! பிக்குகளும் பிக்குணிகளும், வணிகரும் நெசவாளரும், இல்லறப் பெண்டிரும் ஈந்தவை அவை. பார்குத் தூபத்தின் கல்வேலி இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலும் அச்சொல்லைக் காணலாம். செயலே கருத்துக்கு உடல் என்பதை அக்கற்கள் உணர்த்துகின்றன.

இனி, பெயர் என்பதன் இயல்பை ஆராய்வோம். தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று நாகசேனர் மிலிந்த மன்னனை வினவினார். இவற்றுள் ஒன்றும் தேர் அன்று. இவை யாவும் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர். ஆயினும் தேர் என்னும் பெயர் பயனுடையது. அப்பெயரால் சுட்டப்படுவது நம்மைச் சுமந்து செல்கிறது.

ஆனால், பிறப்பால் உயர்வு தாழ்வு என்னும் பெயர் எதைச் சுமந்தது? பிறப்பால் பிராமணனா, ஒழுக்கத்தாலா என்று வாதிட்டு வந்த வாசேட்டன், பாரத்துவாசன் என்னும் இளைஞர் இருவருக்குப் பகவான் அளித்த விடை சுத்தநிபாதத்தில் உள்ளது. புல்லிலும் மரத்திலும், பறவையிலும் விலங்கிலும் இனவேறுபாடு உருவத்திலேயே தெரிகிறது. மனிதரிடத்தில் அத்தகைய வேற்றுமை இல்லை. உழுபவன் உழவன், வாணிகம் செய்பவன் வணிகன், பெயர் தொழிலால் அமைவது என்றார். அங்ஙனமிருக்க, கண்ணாற் காணவொண்ணாத அவ்வெறும் சொல் கிணற்றை அடைத்தது, தெருவை மூடியது, நம் முன்னோரைத் தலைகுனியச் செய்தது. பொய்யான கருத்தும் மனிதர் நம்புமளவும் வலிமை பெறும் என்பதை நம்மினும் நன்கறிந்தார் யார்?

ஆதலின் அப்பெயரைத் துறந்து திரிசரணம் அடைந்தோம். எனினும், 'பௌத்தர்' என்பதும் ஒரு பெயரே. நம் இல்லத்திலும் சங்கத்திலும் பழைய உயர்வு தாழ்வு ஒளிந்திருக்குமாயின், தூண் இல்லாத கல்வெட்டாகவே அப்பெயர் முடியும்.

இன்றிரவு பஞ்சசீலம் ஓதியபின், ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவுவோமாக: ஓதிய ஐந்தனுள் இன்று எதனைச் செய்தோம்? நம் பெயரின் மேல் நாம் நிறுத்திய தூண் யாது?