ஆண்ட்ராய்டு லேப்டாப்பை நம்பி வேலைக்குப் போகலாமா?

ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையம், இடையஞ்சாவடிப் பக்கம் முதல் சம்பளம் வாங்கிய கையோடு பலர் கேட்கும் கேள்வி இது. விலை மலிவு, எடை குறைவு. ஆனால் உள்ளே ஓடுவது போனில் ஓடும் அதே ஆண்ட்ராய்டு. 2023 ஆகஸ்டில் ரூ.16,499-க்கு விற்பனைக்கு வந்த ஜியோபுக் இந்த ரகம்தான்: 990 கிராம், 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, 4ஜி வசதி. ஆண்ட்ராய்டை ஒட்டி உருவான ஜியோ ஓஎஸ் இதில் ஓடுகிறது. கீபோர்டு மாட்டிய டேப்லெட்டையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

கடைக்குப் போகும் முன் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. உங்கள் ஆபீஸ் வேலை முழுவதையும் ஒரு வாரம் போனிலேயே செய்து பாருங்கள். திரை சின்னது, தட்டச்சு சிரமம் என்பது மட்டுமே குறை என்றால் தைரியமாக வாங்கலாம். வேலையே நடக்கவில்லை என்றால் இந்த லேப்டாப்பிலும் நடக்காது.

கணக்குப் பிரிவுக்குப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். டாலி மென்பொருளை இதில் நிறுவ முடியாது. கம்பெனிகள் ஜிஎஸ்டி கணக்கில் டிஜிட்டல் கையொப்பம் போட யூஎஸ்பி டோக்கனைச் செருக வேண்டும். அதற்கும் விண்டோஸ் மாதிரி ஒன்றுதான் சரி. பழைய ஆபீஸ் கடிதங்களில் வானவில், பாமினி எழுத்துரு இருந்தால் திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கொட்டிக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொள்ளுங்கள், கையோடு வரும் தொழில் அது.

களப்பணி என்றால் கதையே வேறு. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியிலோ, மரக்காணம் உப்பளங்களிலோ கணக்கெடுக்கும் வேலைக்கு விண்டோஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை. ஓடிகே கலெக்ட் செயலியில் கேள்விப் படிவத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். நிலத்தின் எல்லையை நடந்து நடந்து வரைபடத்தில் குறிக்க கியூஃபீல்டு, பறவைப் பட்டியலுக்கு இபேர்டு. மூன்றும் ஆண்ட்ராய்டில் ஓடுபவை. இவற்றுக்கு ஜிபிஎஸ் உள்ள டேப்லெட்டே நல்லது. மலிவு லேப்டாப் வாங்குவதாக இருந்தால் அதில் ஜிபிஎஸ் இருக்கிறதா, இந்தச் செயலிகள் அதன் செயலிக் கடையில் கிடைக்கின்றனவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடற்கரையோரத்தில் ஒரு பகை உண்டு: உப்புக்காற்று. சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பித்தளை நிற முனைகளில் பச்சை பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாயால் ஊதாதீர்கள், ஈரம்தான் உள்ளே போகும். கருவியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். இன்னொரு பகை சூடு: இந்தக் கருவிகளில் பெரும்பாலும் விசிறி இருக்காது. மத்தியான வெயிலில் சூடேறினால் வேகம் குறையும், திரை மங்கும், சார்ஜ் ஏறுவதும் நின்றுபோகும். உப்பளத்துக்காரர்கள் விடியலிலேயே வேலையை ஆரம்பிப்பதைப் போல நீங்களும் ஆரம்பித்துவிடுங்கள்.

விலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆகாஷ் டேப்லெட் சாட்சி. 2011 அக்டோபர் 5 அன்று அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், விரலால் அழுத்தினால்தான் கேட்கும் திரை. மலிவுக்குக் குறையே இல்லை, வேலைக்குத்தான் ஆகவில்லை. இன்று 4 ஜிபி-க்குக் கீழே ரேம் உள்ளதைத் தொடவே வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும் என்றும் கேளுங்கள். பழைய ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலிகள் ஒருநாள் திறக்க மறுக்கும்.

வாங்கியாயிற்றா? பயோடேட்டாவில் 'கம்ப்யூட்டர் தெரியும்' என்று எழுதாதீர்கள். 'ஓடிகே படிவம் தயாரிப்பேன், கியூஃபீல்டில் எல்லை குறிப்பேன், தமிழ்99-இல் தட்டச்சு செய்வேன்' என்று எழுதுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது உங்கள் ஊர்க் குளம் ஒன்றின் எல்லையைக் குறித்த வரைபடத்தை அந்த டேப்லெட்டிலேயே திறந்து காட்டுங்கள்.