இளைப்பாறித் தொழிலுக்கு மீளல்

உழைப்பின் பெருமையைக் கூறும் நூல்கள் தமிழிற் பல. உழைத்து அயர்ந்தார் மீண்டெழும் வகையைக் கூறுவனவோ சில. ஆலைகள் நாளும் பெருகிவரும் இக்காலத்தே இப்பொருள் ஆராயத்தக்கது என்று கருதி, எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். மடி வேறு, அயர்வு வேறு. ஆற்றல் இருந்தும் முயலாமை மடி. முயன்று முயன்று ஆற்றல் ஒழிந்த நிலை அயர்வு. புறத்தே காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மடியுற்றவனும் படுக்கையை விட்டு எழான், அயர்ந்தவனும் எழான். அகத்தே நோக்கின், ஒருவன் நிறைந்த குடத்தை எடுக்க மனமில்லாதவன். மற்றவன் வெறுங் குடத்தோடு நிற்பவன். இவ்வேற்றுமையை அறியாமையே பல இல்லங்களில் துன்பத்திற்கு வித்தாகின்றது.

திருவள்ளுவர் ‘மடியின்மை’ என ஓர் அதிகாரம் வகுத்து, துயிலையும் கேட்டிற்கு ஏதுவான ஒன்றாக எண்ணினாரன்றோ என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆயின் அவரே ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியை உவமையாக்கி, மெல்லிய பொருளுக்கும் ஓர் அளவு உண்டு என்பதை உணர்த்தினார். முன்னையதைப் படித்துப் பின்னையதை மறப்பது குறளைப் பாதியாகப் படிப்பதாகும். யாமும் ஒருகால் அவ்வாறே படித்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இந்நிலையை மேனாட்டு அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். நியூயார்க் நகரத்து உளநூல் வல்லுநராகிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்பார், ஏழை மக்களுக்கான மருத்துவ நிலையத்தில் தாமும் தம்முடன் தொண்டு புரிந்தோரும் தளர்ந்தமை கண்டு, 1974-இல் ஒரு கட்டுரை வரைந்தார். இவ்வாறு தளர்வோர் பெரும்பாலும் மிகுந்த ஆர்வத்தோடு தொண்டில் இறங்கியவரே என்பது அவர் கண்ட உண்மை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பகுப்பு நூலில், நெடுநாள் தணிக்கப்படாத தொழில் நெருக்கடியால் விளையும் இந்நிலைக்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டன. ஆற்றல் வறண்டுபோதல் ஒன்று. தொழிலில் மனம் விலகி வெறுப்புக் கொள்ளல் இரண்டு. தொழில் செய்யுந் திறன் குன்றுதல் மூன்று. இதனை நோய் என்னாது தொழிலைச் சார்ந்த நிகழ்வு என்றே அந்நூல் குறித்தமை கருதத்தக்கது. குறை ஆளிடம் மட்டுமன்று, தொழிலிடத்தும் உண்டு என்பது அதனாற் பெறப்படும்.

இனி இதனை நம் நாட்டிற் காண்போம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த பழம்பதி. அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் ஆலை 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் இன்று கார்களும் கைப்பேசிகளும் பிறக்கின்றன. தமிழகத்துப் பல மாவட்டங்களினின்றும் இளைஞரும் மகளிரும் ஆண்டு வந்து விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர். பல ஆலைகளில் ‘ஷிப்டு’ மாறிமாறி வருதலால், ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் விழித்திருக்க நேர்கின்றது. மனிதவுடலோ கதிரவனை நோக்கித் தன் துயிலை வகுத்துக்கொண்டது. பகலுறக்கம் இரவுறக்கத்தினும் குறுகியதும் மெலிந்ததும் ஆகும். துயிற்கடன் நாளும் ஏறி, ஒருநாள் உடல் அதனை வட்டியுடன் கேட்கும்.

எம் பெரியப்பா மகள் ஒருத்தி அப்பகுதியில் ஓர் ஆலையில் இரண்டாண்டு பணிபுரிந்தாள். வீட்டுக் கடனிற் பாதி அவள் ஊதியத்தால் தீர்ந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிச் செல்லவில்லை. பகலெல்லாம் கிடந்தாள், இரவெல்லாம் விழித்திருந்தாள். கோயிற் பாடகர் குழுவில் முன்னின்று பாடியவள் பாட்டுப் புத்தகத்தைத் தொடவும் மறுத்தாள். சோம்பல் என்றனர் உறவினர். யாமோ தமிழ் பயிலும் செருக்கால் அவள் அருகமர்ந்து ‘மடியின்மை’ பத்துக் குறளையும் படித்துக் காட்டினோம். அவள் ஒன்றுங் கூறாது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்முதுகை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம்.

அவள் தாய் எழுத்தறியாதவர். அவர் ஒன்றும் வினவாது வேளைதோறும் கஞ்சி கொடுத்தார், உறங்குங்கால் எழுப்பாதிருந்தார். இதனைப் பின்னர் ஒருநாள் முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் படித்தபோதுதான் யாம் உணர்ந்தோம். கர்மேல் மலையில் பெருவெற்றி பெற்ற எலியா தீர்க்கதரிசி, அதன்பின் வனாந்தரத்துச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டினார். தேவதூதன் அவரைக் கடியவில்லை. உரை நிகழ்த்தவும் இல்லை. அடையும் நீரும் கொடுத்தான், உறங்கவிட்டான், மறுபடியும் கொடுத்தான். அதன் பின்னரே ஓரேபுக்குப் பயணம். ஆண்டவர் அவரிடம் மீண்டும் பணியை ஒப்புவித்தபோது, எலிசாவைத் துணையாகக் காட்டினார். அவரைப் போல் உண்மையாயிருப்போர் இன்னும் ஏழாயிரவர் உளர் என்பதையும் அறிவித்தார். முதலில் உணவும் உறக்கமும், பின்பு பயணம், பின்பு பணியும் துணையும். இவ்வரிசை மாறாதிருத்தல் வேண்டும்.

எம் தமக்கையும் இவ்வரிசையிலேயே மீண்டாள். மருத்துவர் முதலிற் குருதிச் சோதனை செய்வித்தார். இரத்தக்குறைவும் தைராய்டுக் குறையும் இத்தகைய தளர்ச்சியைத் தரக்கூடும் ஆதலின். மூன்று திங்கள் கழித்து, பகல் ஷிப்டு மட்டும் உள்ள வேறோர் ஆலையிற் சேர்ந்தாள். ஞாயிறு மிகைவேலை ஏற்பதில்லை என்பது அவள் தனக்கு இட்டுக்கொண்ட விதி. ஊதியம் சிறிது குறைவே, பாட்டு மீண்டுவிட்டது.

ஆயினும் ஆள் மட்டும் ஆறி, தொழிலிடம் ஆறாதாயின் பயன் என்? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலை மகளிர் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். உடனுழைக்கும் மகளிர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் வேண்டிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே உரைத்தது. அவற்றைத் திருத்தத் தொடங்கியபின், 2022 சனவரி 12-ஆம் நாள் ஆலை சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 மகளிர் தங்கத்தக்க விடுதி எழுந்தது. இஃது அயர்வின் கதையன்று, உண்மையே. எனினும் தொழிலாளர் மீளுமுன் தொழிலிடம் திருந்தல் வேண்டும் என்பதை இது நன்கு காட்டும். நாளொன்றுக்கு 12 மணி வேலைக்கு இடந்தரும் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு மிகுதியால் மே முதல் நாளிலே திரும்பப் பெறப்பட்டமையும் நினைக்கத்தக்கது. ஓய்வு என்பது தானே வருவதன்று. 1890-இல் பம்பாய் ஆலைத்தொழிலாளர் லோகாண்டே என்பார் தலைமையில் வேண்டிப் பெற்றதே ஞாயிறு விடுமுறை.

ஆகவே தளர்ந்தோர்க்கு நாம் கூறத்தக்கவை சில. விடுப்பெடுக்க நாணற்க. ஈ. எஸ். ஐ. திட்டத்திற் சேர்ந்தோர்க்கு, விதிகளுக்கு உட்பட்டு, மருத்துவர் சான்றின்மேல் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். துயரம் நெடிது நீடினும் சாவெண்ணம் தோன்றினும் மருத்துவரை நாடுக. 14416 என்னும் அரசு தொலைபேசி எண்ணும் உண்டு. மீளுங்கால் முதல்நாளே முழுச்சுமை ஏற்கற்க. மேற்பார்வையாளரோடு பேசி, வேலையைப் படிப்படியாக ஏற்றுக்கொள்க. 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகளும், உளநலக் குறைவால் விடுப்பில் இருப்போர் மீளுதற்கு மருத்துவத்தோடு தொழிலைச் சார்ந்த உதவியும் சேர்தல் நன்று என்கின்றன.

இறுதியாக ஒரு சொல். தமிழ் வேதாகமம் வழங்கும் ‘இளைப்பாறுதல்’ என்பதில் ‘ஆறுதல்’ என்பது உள்ளது. சுடுசோறு ஆறும், புண் ஆறும், துயர் ஆறும். எதுவும் ஊதியவுடன் ஆறிவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய பொழுது வேண்டும். அப்பொழுதை அளிப்பதே அன்பு. அயர்ந்தாரைக் கண்டால் குறளைக் கையில் எடுக்குமுன் கஞ்சிக்கலத்தை எடுக்கும் அறிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.