கனவில் மாதா வர வேண்டியதில்லை

சிட்னியில் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் மகள் டாக்டருக்குப் படிக்கிறேன் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. "சிஸ்டராப் போகலாம்னு யோசிக்கிறேன்" என்றால் மட்டும் சித்தி, மாமா எல்லோரும் திருச்சபைச் சட்டம் படித்தவர்களாகிவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி பழைய சினிமா, மீதி பயம்.

நம்பிக்கை: தேவ அழைத்தல் என்றால் செபத்திலோ கனவிலோ குரல் கேட்க வேண்டும். கேட்டதும் பெட்டி கட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் முதல் புனிதரான மேரி மக்கிலப் அப்படிப் போகவில்லை. 1842-ல் மெல்பர்ன் ஃபிட்ஸ்ராயில் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தொட்ட தொழில் எதுவும் நிலைக்காததால் பதின்ம வயதிலேயே மெல்பர்னில் ஒரு ஸ்டேஷனரி கடைக் குமாஸ்தா ஆனார். 1860-ல் தென் ஆஸ்திரேலியாவின் பெனோலாவுக்கு, உறவினர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். ஜூலியன் டெனிசன் வுட்ஸ் என்ற குருவானவரிடம் துறவு ஆசையைச் சொன்னது அங்கேதான். சொல்லியும் என்ன, வீட்டுக்குச் சம்பளம் வேண்டும். போர்ட்லண்டில் ஆசிரியை வேலை பார்த்தார். 1866-ல்தான் பெனோலாவில் தம்பி செப்பனிட்டுக் கொடுத்த பழைய குதிரை லாயத்தில் பள்ளி தொடங்கினார், கறுப்பு உடை உடுத்தினார். வயது 24. புனித சூசையப்பர் சகோதரிகள் சபை பிறந்தது அப்படி.

தேர்ந்து தெளிதல் என்று இன்று சபைகள் சொல்வதும் இதைத்தான்: ஆசையையும் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. திருச்சபைச் சட்டம் 644 இன்னும் பச்சையாகவே பேசுகிறது: அடைக்க முடியாத கடன் உள்ளவரை நவசந்நியாசத்தில், அதாவது துறவுக்கான பயிற்சிக் காலத்தில், சேர்க்கக்கூடாது.

நம்பிக்கை: வரன் அமையாதவளும் காதலில் தோற்றவளும்தான் மடத்துக்குப் போவார்கள்.

இதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. உடல்நலம், குணம், மன முதிர்ச்சி மூன்றையும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், தேவைப்பட்டால் நிபுணரையும் கேட்கலாம் என்கிறது சட்டம். ஆள் பஞ்சம் என்பதற்காக வந்தவரையெல்லாம் வாரிக்கொள்வதற்கு இடமில்லை.

நம்பிக்கை: உள்ளே போனால் திரும்ப முடியாது.

ஊரில் இதுதான் அம்மாக்களைத் தூங்கவிடாத பயம். கணக்கைப் பாருங்கள். நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம். அதில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அது செல்லாது. அந்தக் காலத்தில் எந்த நாளிலும் அவள் கிளம்பலாம், சபையும் அனுப்பிவிடலாம். பிறகு முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, அதுவும் தவணைக்குத்தான். குறைந்தது மூன்று வருடம், வழக்கமாக ஆறுக்கு மேல் போகாது, நீட்டித்தாலும் ஒன்பது. தவணை முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். நித்திய வார்த்தைப்பாடு அதற்கு அப்புறம்தான். இவ்வளவு யோசிக்க அவகாசம் கொடுத்து நம் ஊரில் எந்தக் கல்யாணமும் நடப்பதில்லை.

நம்பிக்கை: கீழ்ப்படிதல் என்றால் வாய்பேசாமல் இருப்பது.

1871 செப்டம்பரில் அடிலெய்ட் ஆயர் ஷீல், கீழ்ப்படியவில்லை என்று சொல்லி மேரி மக்கிலப்பைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். சபையை ஆயர் ஆள்வதா, சகோதரிகளின் தலைவி ஆள்வதா என்பதே தகராறின் வேர். அடுத்த பிப்ரவரியில், சாகும் தறுவாயில், ஆயரே தண்டனையை நீக்கினார். 1873-ல் மேரி ரோமுக்கே போய்த் தம் சபை விதிகளுக்காக வாதாடினார். மறைமாவட்ட எல்லை தாண்டிய ஒரே தலைமை என்ற அவர் கோரிக்கைதான் கடைசியில் நின்றது. அவரை 2010 அக்டோபர் 17 அன்று புனிதராக அறிவித்ததும் அதே ரோம்தான்.

மறுபக்கத்திலும் ஒரு நம்பிக்கை உண்டு. அதை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. "வேளாங்கண்ணியில நேர்ந்துகிட்டேன், மூத்தவளை மாதாவுக்குத் தர்றேன்னு." எனக்கு மகளைத் தடுக்கும் அப்பாவைவிட இந்த அம்மாவைப் பார்த்தால்தான் கவலை அதிகம். வற்புறுத்தலாலோ கடும் பயத்தாலோ ஏமாற்றியோ ஒரு பெண் நவசந்நியாசத்துக்குள் கொண்டுவரப்பட்டால் அந்தச் சேர்க்கையே செல்லாது. நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டும், மகளைக் கட்டாது. நேர்ந்துகொண்ட அம்மாவுக்கு உறுத்தினால் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லலாம். அதிலிருந்து விலக்குத் தர அவருக்கு அதிகாரம் இருக்கிறது.