தோட்டத்து நத்தையும் வயல் நத்தையும்

ஐக்கிய நாணய சங்கத்தின் வேலை கடன் கொடுப்பதோடும் தவணை வசூலிப்பதோடும் முடிந்துவிடுவதாகச் சிலர் எண்ணுகின்றனர். ஒருவர் தனித்து நின்று செய்து முடிக்க இயலாத காரியம் எதுவோ, அதுவே சங்கத்துக்கு உரிய காரியம் என்பது ஐக்கியத்தின் முதற் பாடமாகும். அவ்விதமான காரியம் ஒன்றைப்பற்றி அங்கத்தினர்களுக்கு இங்கே எழுத விரும்புகிறேன். அதாவது, அந்நிய நாட்டிலிருந்து வந்து நம் தோட்டங்களில் பெருகிவரும் ஆப்பிரிக்க நத்தையை ஒழிப்பதும், அவ்வாறு ஒழிக்கும்போது நம் நாட்டு நத்தைகளையும் அவற்றை உண்டு வாழும் பறவைகளையும் அழியாமற் காப்பதுமாம். இவ்விரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாகங்கள். முதற் பாகத்தை மட்டும் கவனித்து இரண்டாம் பாகத்தை மறந்ததால் நானே ஒரு கிராமத்தில் பிழை செய்ய நேர்ந்தது. அதையும் மறைக்காமற் கூறுகிறேன்.

வந்த வரலாறு

இந்த நத்தையின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பிரதேசம். அங்கிருந்து மடகாஸ்கர், மொரீஷியஸ் முதலிய தீவுகளுக்கு மனிதராற் கொண்டுபோகப்பட்டது. நத்தை இனங்களை ஆராய்வதில் ஈடுபட்டிருந்த பென்ஸன் என்பவர் 1847-ஆம் வருஷத்தில் மொரீஷியஸிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை ஒரு தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகின. 1900-ஆம் வருஷத்தில் இலங்கையிலும் இது புகுந்தது. இன்று வங்காளம், கேரளம், தமிழ்நாடு முதலிய பல பிரதேசங்களிலும் மழைக்காலத்தில் இதனைக் காணலாம். நத்தையின் நடை மெதுவானது என்பது உண்மையே. ஆயினும் நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் செடிகளின் மண்ணிலும், மரக்கட்டைகளிலும், வண்டியில் ஏற்றும் வண்டல் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு இது வெகு தூரம் பிரயாணம் செய்துவிடுகிறது.

பெருகும் விதம்

ஒவ்வொரு நத்தையினிடத்திலும் ஆண்தன்மை, பெண்தன்மை இரண்டும் உண்டு. ஆகவே கூடிய இரண்டும் முட்டையிடக் கூடியவை. ஒரு முறை கூடியபின் பெற்ற வித்தைப் பல மாதங்கள் உடலிற் சேமித்து வைத்துக்கொள்ளும் சக்தியும் இதற்கு இருக்கிறது. ஆதலால் ஒரே ஒரு நத்தை ஒரு புதிய ஊருக்கு வந்தாலும் அவ்வூரில் குடும்பம் பெருகிவிடலாம். ஒரு தடவைக்கு நூறு முதல் நானூறு வரை முட்டைகள் இடும். வருஷத்திற்குப் பல தடவை இடும். முட்டை மிளகளவாய், வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். ஈர மண்ணுக்குள்ளும், விழுந்த கட்டைகளின் அடியிலும் அதனைத் தேடவேண்டும். பிறந்த நத்தை ஏறக்குறைய ஆறு மாதத்தில் முட்டையிடும் பருவத்தை அடைந்து, ஐந்தாறு வருஷம் உயிர்வாழும்.

இது ஐந்நூறுக்கு மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும். வாழை, பப்பாளி, காய்கறி நாற்றுகள் இவற்றில் இதற்கு மிகுந்த பிரியம். ஓடு வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருப்பதால் வெள்ளையடித்த சுவர்களையும் சுரண்டித் தின்னும். கோடையில் ஓட்டின் வாயை ஒரு மெல்லிய வெண்படலத்தால் மூடிக்கொண்டு, சுவர் இடுக்கிலும் மண்ணிலும் பல மாதங்கள் உறங்கும். ஆகவே கோடையில் கண்ணுக்குப் படவில்லை என்பதால் ஒழிந்துவிட்டது என்று எண்ணலாகாது.

நான் செய்த பிழை

ஒரு வருஷம் மழைக்காலத்தில் கணக்குப் பரிசோதனைக்காக ஒரு சங்கத்துக்குப் போயிருந்தேன். சங்கக் கட்டடத்தின் சுவரிலேயே பத்துப் பதினைந்து நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காய்கறித் தோட்டம் வைத்திருந்த அங்கத்தினர்கள், நாற்று முழுவதும் போய்விட்டதென்றும் இந்த நிலையில் தவணை கட்டுவது எப்படி என்றும் முறையிட்டனர். நான் உடனே நிர்வாக சபையாரிடம் பேசி, பொது நன்மை நிதியிலிருந்து, நத்தை பொறுக்கிவரும் சிறுவர்களுக்குக் கூடைக்கு இவ்வளவு என்று சிறு வெகுமதி கொடுக்க ஏற்பாடு செய்தேன்.

மூன்று நாட்களிற் கூடைகள் நிரம்பின. எல்லோருக்கும் திருப்தி. நான்காம் நாள் முதிய அங்கத்தினர் ஒருவர் என்னைக் கூடைகளின் அருகே அழைத்துச் சென்று, “ஐயா, இதில் பாதி நம் வயல் நத்தை. இதைக் கொன்றுவிட்டால் ஏரிக்கு வரும் நாரை எதைத் தின்னும்?” என்று கேட்டார். பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. தோட்டத்து நத்தையை இரவில் தேடவேண்டும். வயல் நத்தையோ பகலிலேயே வயலிலும் வாய்க்காலிலும் எளிதாகக் கிடைக்கும். வெகுமதி கூடைக்குத்தானே! சிறுவர்கள் எளிதானதைப் பொறுக்கினர். அவர்கள்மீது குற்றமில்லை, எதைப் பொறுக்க வேண்டும் என்று சொல்லாத என்மீதே குற்றம். அன்றியும் அவர்கள் வெறுங்கையாற் பொறுக்கினர். அதுவும் அபாயமானது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

அடையாளம் அறிதல்

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. ஆப்பிரிக்க நத்தையின் ஓடு நீண்டு, கூம்புபோல் நுனி கூர்ந்து, பழுப்பு நிறத்தில் நெடுங்கோடுகளுடன் இருக்கும். வளர்ந்தது ஒரு விரல் நீளத்துக்குக் குறையாது. சில அதைவிடப் பெரிதாகவும் வளரும். அது தரையில் வாழ்வது. அதன் ஓட்டுக்குக் கதவுபோன்ற கெட்டியான மூடி கிடையாது. நம் வயல் நத்தையின் ஓடு உருண்டையாக இருக்கும். அது நீரிலும் சேற்றிலும் வாழும். தொட்டவுடன் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கெட்டியான மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். ‘நீளமாய் மூடியில்லாதது அந்நியம், உருண்டையாய் மூடியுள்ளது நம்முடையது’ என்று சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாற் போதும். இவ்விரண்டிலும் சேராத சிறு நத்தைகள் பல நம் தோட்டங்களிலும் காடுகளிலும் உண்டு. ஐயமானவற்றைத் தொடாமல் விட்டுவிடுக.

நம் நாட்டு நத்தைகளைக் காப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். உதிர்ந்த இலைகளைத் தின்று மண்ணோடு சேர்ப்பவை பல. மின்மினிப் பூச்சியின் புழு நத்தைகளைத் தின்று வளர்வது. நத்தைகுத்தி நாரை என்று நம் முன்னோர் பெயரிட்ட பறவைக்கு அலகின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். வயல் நத்தையே அதற்கு முக்கிய ஆகாரம். செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளில் இதுவும் ஒன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமாவதை அறிந்து அவ்வூரார் பல தலைமுறையாக அவற்றைக் காத்துவருகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத நத்தை இனங்கள் பல உள்ளன.

மூரேயா தீவின் கதை

பகையை ஒழிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உறவினரையும் அழித்த கதை ஒன்று உண்டு. பசிபிக் சமுத்திரத்தில் தாஹிட்டித் தீவுக்கு 1967-இல் இந்த ஆப்பிரிக்க நத்தை வந்தது. அண்டையிலுள்ள மூரேயாத் தீவுக்கும் பரவிற்று. இதனை ஒழிக்க, மற்ற நத்தைகளைக் கொன்று தின்னும் வேறொரு நத்தையை அமெரிக்காக் கண்டத்தைப் பூர்வீகமாக உடைய இனத்திலிருந்து கொண்டுவந்து, 1974-இல் தாஹிட்டியிலும் 1977-இல் மூரேயாவிலும் விட்டனர். வந்த வேட்டை நத்தையோ பெரிய ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, மரங்களில் வாழ்ந்த பார்த்துலா என்னும் சிறிய சுதேச நத்தைகளையே தேடித் தின்றது. அவை பயிருக்கு யாதொரு தீங்கும் செய்யாதவை. அவற்றின் ஓடுகளை அத்தீவினர் மாலையாகக் கோத்து அணிவது வழக்கம். மூரேயாவில் இருந்த ஏழு இனங்களும் பத்து வருஷங்களுக்குள் காட்டிலிருந்து மறைந்தன. விஞ்ஞானிகள் முன்னரே பிடித்துச்சென்று லண்டன் முதலிய நகரங்களின் மிருகக்காட்சி சாலைகளில் வளர்த்த சிலவற்றின் சந்ததியை அண்மை வருஷங்களில் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றனர்.

உயிரைக்கொண்டு உயிரை அடக்கும் முறையே தவறென்று இதனாற் கொள்ளலாகாது. தென்னாட்டில் நிலங்களை மூடிக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியை, 1926-இல் இலங்கை வழியாக வந்த ஒரு சிறு பூச்சி சில வருஷங்களில் அடக்கிற்று. அப்பூச்சி கள்ளியைத் தவிர வேறொன்றையும் தின்னாது. மூரேயாவுக்குப் போன வேட்டை நத்தையோ எந்த நத்தையையும் தின்னும். வித்தியாசம் அதுவே. ஆதலால் புதிய பிராணி எதையும் நாமாகக் கொண்டுவந்து விடுதல் ஒருபோதும் கூடாது. அது நிபுணர்கள் பல வருஷம் சோதித்த பின்னரே செய்யத் தக்கது.

செய்ய வேண்டிய முறை

1. காலம்: முதல் மழை பெய்தவுடன் நத்தைகள் உறக்கம் நீங்கி வெளிவரும். முட்டையிடுவதற்கு முன் பிடிப்பதே சிறந்தது. அன்று பிடித்த ஒன்று, பின்னர்ப் பிடிக்கும் நூற்றுக்குச் சமம்.

2. கண்ணி: மாலையில் சாக்குகளை நனைத்துத் தோட்டத்தில் ஆங்காங்கே விரித்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைக்கவும். இரவில் நத்தைகள் அங்கே கூடும். விளக்குடன் இரவிலோ, விடியுமுன்போ பொறுக்கலாம்.

3. காப்பு: வெறுங்கையால் தொடவே கூடாது. எலியின் உடலில் வாழும் ஒரு நுண்புழு இந்நத்தையின் வழியாக மனிதருக்குப் பரவி, மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சியை உண்டாக்கும். கையுறையோ, கனமான பிளாஸ்டிக் பையோ அணிந்துகொண்டு பெரியவர்களே பொறுக்கவேண்டும். பிறகு சோப்பினால் கைகழுவுக. கீரை, காய்கறிகளை நன்றாகக் கழுவிச் சமைத்தே உண்க.

4. அழித்தல்: ஒரு வாளியில் கெட்டியாக உப்புக் கரைத்து அதில் இட்டால் இறந்துவிடும். பின் ஆழமான குழியிற் புதைக்கவும். உப்பை நிலத்திலே தூவலாகாது, மண் கெடும். உயிருடன் வேலிக்கு அப்பால் எறிதலும் கூடாது.

5. விஷம்: மெட்டால்டிஹைடு முதலிய விஷ உருண்டைகள் நம் நாட்டு நத்தைகளையும் கொல்லும். நாயோ மாடோ தின்றால் அவையும் மடியும். நத்தையைக் கொத்தித் தின்னும் செம்போத்தும் கோழியும் நடமாடும் தோட்டத்தில் வேளாண்மை அதிகாரியின் யோசனையின்றி இவற்றை உபயோகிக்க வேண்டாம். வயலிலும் வாய்க்காலிலும் ஒருபோதும் இடலாகாது.

6. தடை: வெளியிலிருந்து வரும் செடி, மண், கட்டை யாவற்றையும் ஊருக்குள் இறக்குமுன் புரட்டிப் பார்க்கவும்.

சங்கம் ஏன் வேண்டும்?

1966-இல் அமெரிக்காவில் மயாமி நகரத்துச் சிறுவன் ஒருவன் ஹவாய்த் தீவிலிருந்து மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு வருஷத்துக்குள் 18,000-க்கு மேற்பட்ட நத்தைகள் பிடிபட்டன. வீடு வீடாகத் தேடி, பத்து லட்சம் டாலர் செலவழித்து, 1975-இல் ஒழித்தனர். 2011-இல் அதே பக்கத்தில் மறுபடியும் தோன்றி, மீண்டும் பத்து வருஷ வேலைக்குப் பின் 2021-இல் ஒழிந்தது. அடுத்த வருஷமே அம்மாகாணத்தின் வேறோரிடத்தில் காணப்பட்டது. ஒரு தோட்டம் தப்பினாலும் வேலை முழுவதும் வீண் என்பதும், ஒழித்த பின்னும் விழிப்பாயிருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

நான் பிழை செய்த கிராமத்தில் பின்னர்ச் செய்தது இதுவே. கூடையிலிருந்த வயல் நத்தைகளில் உயிருள்ளவற்றை அவை எடுக்கப்பட்ட வாய்க்காலிலேயே விட்டோம். கூடைக்கு வெகுமதி கொடுப்பதை நிறுத்தினோம். முதிய அங்கத்தினரையே தலைவராக வைத்து, தெருவுக்கு இருவர் வீதம் பொறுப்பாளர் நியமித்தோம். முதல் மழையிலிருந்து வாரம் இரண்டு இரவு ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் பொறுக்கினர். அங்கத்தினரல்லாதார் தோட்டமும், ஆளில்லாத மனைகளும் விடப்படவில்லை. பொது நன்மை நிதி கையுறைக்கும் உப்புக்கும் செலவாயிற்று. அடுத்த வருஷம் நத்தை அடியோடு போய்விடவில்லை. ஆயினும் நாற்றுத் தப்பிற்று, தவணையும் வந்தது. தை மாதத்தில் நான் மறுபடியும் போனபோது, ஏரிக்கரைக்கு என்னை அழைத்துச் சென்று நாரைகளைக் காட்டியவரும் அந்த முதியவரே.

அங்கத்தினர்கள் அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தில் இதனை வாசித்து, தங்கள் ஊரில் இந்நத்தை உண்டா, எந்தத் தோட்டங்களில் உண்டு, முதல் மழைக்குள் பொறுப்பாளர்களை நியமிக்க முடியுமா என்பவற்றை ஆலோசித்து முடிவு செய்வார்களென நம்புகிறேன். வேலை தொடங்குமுன், நீண்ட ஓடு ஒன்றையும் உருண்டை ஓடு ஒன்றையும் சங்க மேசைமீது வைத்து எல்லோருக்கும் காட்டுக.