தேனீயின் பங்கு

நுழையும்முன்
தேன் நமக்கு உணவாகும்முன் தேனீக்கு உணவாக இருந்தது. இதனை நினைவில் கொண்டு செய்யும்போதுதான் தேனீ வளர்ப்பு நிலைத்த தொழிலாகிறது.

ஒரு தேனீக் குடும்பத்தில் முட்டையிடும் இராணித் தேனீ ஒன்றே உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தேனீக்கள் தோன்றும். எஞ்சிய ஆயிரக்கணக்கானவை வேலைக்காரத் தேனீக்கள். அடை கட்டுதல், புழுக்களுக்கு உணவூட்டுதல், வாயில் காத்தல், மதுரமும் மகரந்தமும் கொணர்தல் ஆகியன அவற்றின் பணிகள். பூக்கள் அருகிய நாள்களில் உண்பதற்கே அவை தேனைச் சேமிக்கின்றன.

முற்காலத்தில் மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் இருந்த அடைகளைப் புகைமூட்டி அறுத்துப் பிழிந்தனர். தேனோடு புழுக்களும் அழிந்தன. அடைகளுக்கிடையே தேனீக்கள் தாம் நடமாட விட்டுவைக்கும் இடைவெளியை, 1851ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த இலாங்ஸ்ட்ராத் பெட்டி அமைப்பில் பயன்படுத்தினார். அதனால் அடைச்சட்டங்களைத் தனித்தனியே எடுக்கவும் மீண்டும் பொருத்தவும் இயன்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்தார். அதன் கீழறையில் புழுக்கள் வளரும். மேலறையில் தேன் சேரும். மேலறைச் சட்டங்களைச் சுழற்கருவியில் இட்டுத் தேனெடுத்தபின், வெற்றடையை மீண்டும் பெட்டியிலேயே வைக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கு இரப்பர் மரங்கள் தளிர்க்கும். பூவிலன்றி, இளந்தளிரின் காம்பு நுனியில் சுரக்கும் மதுரமே அப்பருவத்தில் தேனாகிறது. மழைக்காலத்தில் அவ்வரத்து நின்றுவிடும். தேனை எடுத்துக்கொண்டவர் அந்நாள்களில் சர்க்கரைப்பாகு ஊட்டித் தேனீக்களைக் காக்க வேண்டும். தவறினால், பசியால் அவை பெட்டியைவிட்டு அகன்றுவிடும்.

1990களின் தொடக்கத்தில், தாய்சாக் எனும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் வீங்கி இறந்தன. அந்நோயைத் தீர்க்கும் மருந்தில்லை. பெரும்பாலான பெட்டிகள் வெறுமையாயின. தேனை நம்பி வாழ்ந்தோர் பலர் தொழிலைக் கைவிட்டனர். எஞ்சியோர், நோயைத் தாங்கிப் பிழைத்த குடும்பங்களைத் தேடி, அவற்றைப் பிரித்துப் பெருக்கினர். பெட்டிகள் மீண்டும் நிறையப் பல ஆண்டுகள் ஆயின.

பெட்டியைத் திறப்பவர், மேலறைத் தேனின் அளவைப் பார்க்கும்முன் கீழறைப் புழுக்களின் நலத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அந்நோய் கற்பித்த பாடம்.